ஊட்டி ஏற்றத்தில் 1.2 பெட்ரோல் கார் இழுக்கவில்லை: உயரம்தான் காரணமா, வண்டியில் கோளாறா?

கோவை_பெட்ரோல்
வண்டி விவரம்: 1.2 லிட்டர் பெட்ரோல், டர்போ இல்லை, 4 சிலிண்டர், கம்பெனி கணக்கில் 83 எச்பி. 2017 மாடல், 78,000 கி.மீ. ஓடியது, மேனுவல் கியர்.

பிரச்சினை: மேட்டுப்பாளையம் - குன்னூர் - ஊட்டி ஏற்றத்தில் ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், ஏசி ஆன். தேர்டில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் ஆர்பிஎம் 2000-க்குக் கீழே விழுகிறது. கொண்டை ஊசி வளைவில் ஃபர்ஸ்ட் போட வேண்டியிருக்கிறது. குன்னூர் தாண்டியதும் இன்னும் மோசம். செக் இன்ஜின் லைட் எரியவில்லை. கோவைக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை.

பட்டறையில் இன்ஜெக்டர் க்ளீனிங் பண்ணணும் என்கிறார்கள். பண்ணலாமா? மலையில் எல்லா வண்டியும் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

மேட்டுப்பாளையம்_டாக்ஸி
சார், அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு ஏசியும் போட்டு தேர்டுல இழுன்னா 1.2 எப்படி இழுக்கும்? பர்லியாறு தாண்டினா செகண்ட்தான். ஆர்பிஎம் 3000-க்கு மேல வச்சு ஓட்டுங்க. சத்தம் வரும், வரட்டும். வளைவுக்கு முன்னாடியே கியரை இறக்கணும், உள்ள போய் இறக்கினா வேகம் செத்துடும்.

நல்லெண்ணெய்95
பங்கில் விலை கூடுதலாக விற்கும் ஹை ஆக்டேன் பெட்ரோல் போட்டுப் பாருங்கள் நண்பரே, பிக்கப் வரும்.

ஸ்பானர்_12
ஹை ஆக்டேன் இங்கே உதவாது. ஆக்டேன் என்பது நாக்கிங்கை, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவதை, தடுக்க. உயரத்தில் சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு, அழுத்தமும் குறைவு, அதனால் நாக்கிங் வாய்ப்பும் குறைகிறது. அமெரிக்காவில் கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோலையே விற்கிறார்கள். காசு மிச்சம் பண்ணுங்கள்.

கேள்விக்கு வருகிறேன். இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கலாம், பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மலை எடுத்துக்கொள்ளும் பங்கு. மேலே ஆக்சிஜன் சதவீதம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சதவீதம் அதே 21தான். காற்றே மெலிந்துவிடுகிறது. கோவை சுமார் 410 மீட்டர், அங்கே காற்றழுத்தம் 96-97 கிலோபாஸ்கல். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், அங்கே 77 பக்கம். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் இழுப்பது அதே கன அளவுதான், ஆனால் அதற்குள் இருக்கும் காற்றின் எடை குறைவு. எடை குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீத பவர் போகும் என்பது தோராயக் கணக்கு. ஊட்டிக் குளிர் கொஞ்சம் ஈடுகட்டும், குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. 30 டிகிரி கோவையோடு 15 டிகிரி ஊட்டியை ஒப்பிட்டால் இழப்பு 16 சதவீதம் பக்கம் வரும்.

இப்போது உங்கள் தேர்டு கியரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சாமானும் சேர்த்து 1,350 கிலோ, 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏற்றம், வேகம் 40 என்று வைத்துக்கொள்வோம். எடையைத் தூக்கவே 16 எச்பி வேண்டும். டயர் உருளல், காற்றுத் தடைக்கு இன்னொரு 4. மொத்தம் 20. தேர்டில் 40 என்றால் 2000 ஆர்பிஎம் பக்கம். இந்த ரக இன்ஜின் அந்த ஆர்பிஎம்மில் சமவெளியிலேயே 28 எச்பிக்கு மேல் தராது. மேலே அது 22. ஏசிக்கு 3, கியர்பாக்ஸ் இழப்புக்கு 2 கழித்தால் 17. வேண்டியது 20, கையில் இருப்பது 17. விழத்தான் செய்யும். அதே 40-ஐ செகண்டில் போனால் 3000-க்கு மேல் ஆர்பிஎம், உயர இழப்பு போக 40 எச்பி பக்கம் கிடைக்கும். மேட்டுப்பாளையம் நண்பர் சொன்னது இதைத்தான்.

ஆனால் ஃபர்ஸ்ட் வரை இறங்குவது எனக்கு இடிக்கிறது. இன்ஜெக்டருக்குப் பணம் கட்டுமுன் ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டரின் அளவுகளை போனில் காட்டும் கருவி) வாங்கி மூன்று அளவு எடுங்கள்:

1. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) அளவு, கிலோபாஸ்கலில். அது அந்த ஊர்க் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் 97, ஊட்டியில் 77. ஊட்டியிலும் 90-க்கு மேல் காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது.
2. ஏற்றத்தில் செகண்ட், 3500 ஆர்பிஎம், ஆக்சிலேட்டர் முழுக்க மிதித்த நிலையில் அதே அளவு. பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். முதல் அளவைவிட 2 முதல் 4 வரை குறைந்தால் பரவாயில்லை. 8, 10 என்று குறைந்தால் காற்று வரும் வழியில் அடைப்பு.
3. லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிக்கட்ட வண்டி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம். பத்துக்குள் இருந்தால் இன்ஜெக்டரையும் ஃப்யூயல் பம்ப்பையும் இப்போதைக்குச் சந்தேகப்பட வேண்டாம். ப்ளஸ் 15-க்கு மேல் போனால்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

கூடவே கிளட்ச். ஏற்றத்தில் தேர்டில் 30-ல் முழுக்க மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது.

பழைய800
என்னிடம் கார்புரேட்டர் வண்டி. ஊட்டியில் பெட்ரோல் வாடை, ஐடிலில் தடுமாற்றம், பிளக் கறுத்துவிடுகிறது. இதுவும் அதுவும் ஒன்றா?

ஸ்பானர்_12
வேறு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்று குறைந்ததை சென்சார் சொல்லி இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலையும் குறைத்துவிடும். பவர் குறையும், கலவை கெடாது. கார்புரேட்டருக்குச் சொல்ல யாரும் இல்லை. அடர்த்தி 20 சதவீதம் குறைந்தால் கலவை 10 முதல் 12 சதவீதம் வரை ரிச் ஆகும் (பெட்ரோல் கூடிவிடும்), அதுதான் கரி. சுற்றுலா போய்விட்டுத் திரும்புவதானால் எதையும் தொடாதீர்கள். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்கட்டும், சூடான பிறகு சோக் முழுக்க உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். மேலேயே குடியிருந்தால் மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளையை) ஒரு சைஸ் சிறிதாக்கலாம். ஐடில் ஸ்க்ரூவைத் திருகினால் ஐடில்தான் சரியாகும், மெயின் ஜெட்டை அது தொடாது. சின்ன ஜெட்டோடு கீழே இறங்கினால் லீனாகி (பெட்ரோல் குறைந்து) இன்ஜின் சூடேறும்.

டர்போ_பிரியன்
டர்போ இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை!

ஸ்பானர்_12
ஊட்டி உயரத்தில் பெரும்பாலும் உண்மை, ஆனால் முழுதும் இல்லை. மேனிஃபோல்டில் (சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயில்) 170 கிலோபாஸ்கல் வேண்டும் என்றால் கடல் மட்டத்தில் டர்போ காற்றை 1.7 மடங்கு அழுத்தினால் போதும், ஊட்டியில் 2.2 மடங்கு. அதற்கு இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) எழும்புமுன், 1500-1800 ஆர்பிஎம்முக்குக் கீழே, உங்களுடையதும் டர்போ இல்லாத சின்ன இன்ஜின்தான், அதனால் வளைவிலிருந்து கிளம்பும்போது லேக் (தாமதம்) கூடுதலாகத் தெரியும். லடாக்கின் கர்துங் லா கணவாய் போன்ற 5,359 மீட்டரில் காற்றழுத்தமே ஏறக்குறைய பாதி. அங்கே டர்போவைக் காப்பாற்ற இசியூ பவரைக் குறைத்துவிடும்.

கோவை_பெட்ரோல்
அளவு எடுத்தாச்சு. ஊட்டியில் சாவி ஆனில் 77. முழுக்க மிதித்தால் 66. ட்ரிம் ப்ளஸ் 3. கிளட்ச் வழுக்கவில்லை.

ஸ்பானர்_12
இன்ஜெக்டரை மறந்துவிடுங்கள். 11 கிலோபாஸ்கல் வழியிலேயே தொலைகிறது. மலை எடுத்தது போக இது இன்னொரு 14 சதவீதம். கோவையிலும் இந்த அடைப்பு இருந்திருக்கும். அங்கே முழு ஆக்சிலேட்டர் கேட்கும் இடமே இல்லாததால் தெரியவில்லை.

இந்த வரிசையில் பாருங்கள். முதலில் தரை மேட். தடிமனான மேட்டை ஒன்றின் மேல் ஒன்று போட்டிருந்தால் பெடல் முழுக்க இறங்காது. இன்ஜின் ஆஃப், சாவி ஆன், பெடலை அழுத்தி ஸ்கேனரில் த்ராட்டில் பொசிஷன் (காற்று வால்வு எவ்வளவு திறக்கிறது என்ற அளவு) பாருங்கள். பல வண்டிகளில் 80 சதவீதம் பக்கம் வந்தாலே முழுத்திறப்பு. அடுத்து, ஏர் ஃபில்டர் பேப்பரை எடுத்துவிட்டு, தூசி இல்லாத ரோட்டில் ஒரே ஒரு ஏற்றம். சோதனைக்கு மட்டும். அளவு ஏறினால் ஃபில்டர். முழுதாக ஏறாவிட்டால் ஃபில்டர் பாக்ஸுக்கு முன்னால் இருக்கும் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள்.

இதெல்லாம் சரியாகி, மேப்பும் 74-75 காட்டி, அப்படியும் பவர் இல்லையென்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் வழியில் புகையைச் சுத்தமாக்கும் பாகம்) அடைப்பு. முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் வையுங்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால் அடைப்பு.

கோவை_பெட்ரோல்
ஃபில்டர் இல்லாமல் 69. குழாயைக் கழற்றினால் வாயில் காய்ந்த வேப்பிலையும் குச்சியுமாக அடைந்திருந்தது, பாதி வட்டம்கூடத் திறப்பில்லை. சுத்தம் செய்து புது ஃபில்டர் போட்டபின் 75. கோத்தகிரி வழியில் அதே ஐந்து பேரோடு வளைவில் செகண்டிலேயே கிளம்புகிறது. தேர்டு மட்டும் இன்னும் இழுக்கவில்லை.

ஸ்பானர்_12
தேர்டு இழுக்காது, அது மலையின் பங்கு. வேப்பமரத்தடியில் நிறுத்துவதானால் அந்தக் குழாயை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். டயர் காற்றை மேலே போய் மாற்ற வேண்டாம். வெளிக்காற்று குறைவதால் கேஜ் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும், குளிர் அதில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும்.

மேட்டுப்பாளையம்_டாக்ஸி
ரேடியேட்டர் மூடியையும் பாத்துருங்க சார். மூடி ரப்பர் போயி, உள்ள வெறும் தண்ணி ஊத்தி வர்ற வண்டிதான் ரோட்டோரம் பானட்டத் தொறந்துக்கிட்டு நிக்கும்.

ஸ்பானர்_12
சரியாகச் சொன்னார். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92-93 டிகிரியிலேயே கொதிக்கும். பல வண்டிகளில் ஃபேன் 95-ஐ ஒட்டித்தான் ஓட ஆரம்பிக்கும். மூடி 1.1 பார் பிடித்தால் கொதிநிலை 118 வரை போகும். பிடிக்காவிட்டால் ஃபேன் ஓடுமுன்பே கொதி வந்துவிடும். மூடியின் மேல் அச்சிட்ட எண் பழையதும் புதியதும் ஒன்றாக இருக்கட்டும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. இன்ஜின் ஆறாமல் திறக்காதீர்கள்.

கோவை_பெட்ரோல்
என் மூடியில் 0.9 என்று போட்டிருக்கிறது. 1.1 மாட்டலாமா?

ஸ்பானர்_12
வேண்டாம். 0.9-க்குச் செய்த ஹோஸும் ரேடியேட்டரும் அது. 0.9 புதிது ஒன்று வாங்கிப் போடுங்கள், போதும்.