ஜம்பலாயா: பாட்டை வாசிச்சவங்களும் சாதத்தைச் சமைச்சவங்களும் வாங்க

ரெண்டுகார்டு:
அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் 1952ல பாடின 'ஜம்பலாயா' பாட்டைத்தான் சொல்றேன். முழுப் பாட்டுக்கும் சி மேஜர், ஜி செவன்னு ரெண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) போதும். ஒரு மேடையில கிட்டார்காரர் நடுவுல ஒரு எஃப் கார்டு போட்டார், அந்த இடத்துலயே ஆட்டம் செத்துப்போச்சு. ஏன்னா இது 'கிராண்ட் டெக்ஸஸ்'ங்கிற கேஜன் (லூசியானாவுல இருக்கிற பிரெஞ்சு வம்சாவளி மக்கள்) பாட்டோட மெட்டு. கேஜன் அக்கார்டியன்ல வலது கைக்கு ஒரே வரிசை, 10 பட்டன். இடது கைக்கு ரெண்டே ரெண்டு: ஒண்ணு பேஸ், ஒண்ணு கார்டு. சி கருவின்னா துருத்தியை அமுக்கும்போது சி, இழுக்கும்போது ஜி. எஃப்புக்கு அங்க இடமே இல்ல. கார்டு மாறுறதும் வரியோட கடைசியில. பயத்துல முன்னாடியே தாவாதீங்க.

ஃபிடில்பைத்தியம்:
ரெண்டுகார்டு, நாஷ்வில்ல பதிவான அந்த ரெக்கார்டுல அக்கார்டியனே கிடையாதே! ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும்தான். 14 வாரம் கன்ட்ரி பட்டியல்ல முதல் இடத்துல இருந்ததும் அந்த ஒலியாலதான். மெட்டு லூசியானாவோடது, வாசிப்பு ஹாங்கி டாங்க், அதாவது மதுக்கடைகள்ல வளர்ந்த கன்ட்ரி பாணி. எஃப் வேண்டாம்கிறது சரி, ஆனா உண்மையில கெடுக்கிறது டிரம்ஸ். ரிதம் கிட்டார்தான் டிரம்ஸ் வேலையையும் பாக்கணும்: சி கார்டுல சி, ஜி சுரங்களை மாத்தி மாத்திக் கட்டைவிரலால தட்டி, நடுவுல ஒரு சின்ன வெட்டு. ஜி செவன்ல ஜி, டி. வெட்டினதும் இடது கையைத் தளர்த்தி ஒலியை அடைச்சிடணும். ஒலி நீண்டா வேகம் தானா இழுபடும்.

அடிப்பிடிச்சசட்டி:
பாட்டை விடுங்க, ஜம்பலாயாங்கிறது லூசியானாவோட கறி சாதமும்தான். ஒரு ஹோட்டல்ல இந்தப் பாட்டை ஓட விட்டுட்டு, தக்காளி சாதம் மாதிரி செவப்பா ஒண்ணு தட்டுல வச்சாங்க. தக்காளி போடுறது நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் வழி. கேஜன் ஜம்பலாயா பழுப்பு, அந்த நிறம் கறியை வறுக்கிறதுல வரணும். கனமான இரும்புச் சட்டியில அரை கிலோ கோழித்தொடை, கால் கிலோ ஆன்டூயி (புகை போட்ட பன்றிக்கறி) சாசேஜ், தனித்தனியா வறுக்கணும். சட்டி நெறைய அள்ளிப் போட்டா தண்ணி விட்டு வெந்துடும், நிறம் வராது. அடியில ஒட்டினதை வெங்காயம் ரெண்டு பங்கு, செலரி ஒரு பங்கு, குடைமிளகாய் ஒரு பங்கு போட்டுச் சுரண்டி எடுக்கணும். நீள அரிசி 2 கப்னா ஸ்டாக் 3 கப். காய் விடுற தண்ணியையும் கணக்குல வையுங்க. கொதி வந்ததும் மூடி, சிறு தீயில 25 நிமிஷம். நடுவுல ஒரே ஒரு தடவை அடியிலிருந்து புரட்டலாம். கிண்டினா கஞ்சி. புழுங்கல் நீள அரிசிக்குக் குழைவு பயம் குறைவு, லூசியானாவுலயே பெரிய சட்டிக்கு அதைத்தான் நிறைய பேர் போடுறாங்க.

மல்லித்தூள்:
யாரும் கேக்கல, இருந்தாலும். பாட்டுல வர்ற ஃபிலே கம்போவை (கெட்டியான குழம்பு மாதிரி ஒண்ணு) விட்டுட்டீங்க. ஃபிலேன்னா சாசஃப்ராஸ் இலைப்பொடி, சாக்டா பழங்குடி மக்கள்கிட்டேயிருந்து வந்தது. அதைக் கொதிக்க விட்டா கம்போ நூல் நூலா இழுக்கும். அடுப்பை அணைச்சு, கொதி அடங்கினப்புறம் போடுங்க, இல்ல கிண்ணத்துல தூவிக்கச் சொல்லுங்க. 2 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். மறுநாளைக்குன்னு எடுத்து வைக்கிற பங்குல போடவே கூடாது, சுட வைக்கும்போது அதே கதைதான். பாட்டுல வர்ற கிராஃபிஷ் (இறால் மாதிரி நன்னீர்ல வாழறது) பைக்கும் இதே கவனம் வேணும்: வெந்த வால்சதையைக் கடைசியில சேருங்க. சாஸோட ரொம்ப நேரம் கிடந்தா ரப்பர்.

ரெண்டுகார்டு:
@ஃபிடில்பைத்தியம், ரெக்கார்டுல அக்கார்டியன் இருக்குன்னு நான் எங்க சொன்னேன்? மெட்டு பொறந்த இடத்தைச் சொன்னேன். டிரம்ஸும் பிரஷ்ல மெதுவா வாசிச்சா ஒண்ணும் கெடாது. எஃப் மட்டும் வேண்டாம்.