டேபிள் புக்கிங் ஆப்பில் எந்த நேரத்துக்கு எவ்வளவு தள்ளுபடி வைக்கிறீர்கள்?

வணக்கம். புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் பதினான்கு டேபிள் உள்ள சின்ன ஓட்டல் நடத்துகிறேன். புக்கிங் ஆப் ஒன்றில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. மணிக்கு மணி தள்ளுபடியை நாமே மாற்றிக்கொள்ளலாம், 10 முதல் 50 சதவீதம் வரை. அதில்தான் குழப்பம்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். நடந்து களைத்த சென்னை, பெங்களூர்க் கூட்டம் சனி, ஞாயிறு ஏழரைக்குத் தானாக வந்துவிடும். செவ்வாய் மதியம் மூன்று மணிக்கோ ஃபேன் மட்டும்தான் சுற்றும்.

போன சனிக்கிழமை 30 சதவீதத் தள்ளுபடியை நீக்க மறந்துவிட்டேன். வழக்கமாக வரும் குடும்பம் ஒன்று சாப்பிட்டு, கை கழுவி வந்து, உட்கார்ந்த இடத்திலேயே போனில் புக் செய்து காட்டினார்கள். சிரித்துக்கொண்டே குறைத்தேன், வேறென்ன செய்ய?

ஒருவருக்கு 400 ரூபாய் பில் என்றால் சமையல் பொருளுக்கே 140 போகிறது. 40 சதவீதம் குறைத்தால் வருவது 240, ஆப்புக்குத் தலைக்கு 30. மிச்சம் 70. காலி நாற்காலிக்கு அதுவும் லாபம்தான். ஆனால் ஏழரைக்கு முழு விலை கொடுப்பவரே நாலரைக்கு வந்துவிட்டால்?

(பில்லிலேயே தள்ளுபடியைக் காட்டினால் 5 சதவீத ஜிஎஸ்டி குறைத்த தொகைக்குத்தான். அதில் சந்தேகம் இல்லை.)

வார நாள் மதியத்துக்கு எவ்வளவு வைக்கிறீர்கள்? மது, ஐஸ்கிரீமைத் தள்ளுபடியில் சேர்க்கிறீர்களா? ஒரு மணி நேரம் முன்பே புக் செய்தால்தான் செல்லும் என்று வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் மாற்றியாக வேண்டும்.