இரண்டு கொம்பா, மூன்று கொம்பா? ஒடொன்டோகைட்டினா இனம் பிரிப்பதில் குழப்பம்

கேள்வி
பெரம்பலூர் மாவட்டம் காரைக் களிமண்ணில் (ஊத்தத்தூர் தொகுதி, கிரெட்டேசியஸ்) எடுத்த ஸ்லைடில் டைனோஃப்ளாஜெல்லேட் சிஸ்ட் (நீரில் மிதக்கும் ஒருசெல் நுண்ணுயிரியின் உறக்கநிலை உறை, இங்கே புதைபடிவமாக) ஒன்று நிறைய வருகிறது. நடுவில் உருண்டை உடல், கீழே ஒரு நீளக் கொம்பு, பக்கவாட்டில் இன்னொன்று. மேல்பக்கம் வெட்டியதுபோல் திறந்திருக்கிறது. அதே ஸ்லைடில் கூம்புத் தொப்பி மாதிரித் துண்டுகளும் தனியாகக் கிடக்கின்றன. ஒடொன்டோகைட்டினா என்ற சிஸ்ட் பேரினம் என்றால் மூன்று கொம்பு இருக்க வேண்டுமே? சிலவற்றின் கொம்பில் ஓட்டைகள் தெரிவதால் அதில் ஒ. (ஒடொன்டோகைட்டினா) ஒபர்குலேட்டா இனமா, ஒ. போரிஃபெரா இனமா என்றும் புரியவில்லை. பழைய கட்டுரை ஒன்றில் இதையே செராட்டியம் (இன்றும் வாழும் கொம்புள்ள டைனோஃப்ளாஜெல்லேட் பேரினம்) என்று போட்டிருக்கிறார்கள். எந்தப் பெயரை எழுதுவது?

பதில் 1
மூன்றாவது கொம்பு அந்தத் தொப்பியில்தான் இருக்கிறது. இந்தப் பேரினத்தில் ஆர்க்கியோபைல், அதாவது உள்ளிருந்த உயிரணு வெளியேறும் திறப்பு, உச்சித் தகடுகள் (சுவரின் மேல்முனைப் பகுதிகள்) மொத்தமும் கழன்று உண்டாவது. அந்தத் தகடுகளோடு உச்சிக் கொம்பும் சேர்ந்தே போய்விடும். எனவே உடல் இரண்டு கொம்போடும், மூடி ஒரு கொம்போடும் தனித்தனியாகக் கிடைப்பதே வழக்கம். ஒபர்குலேட்டா என்ற பெயரே 'மூடியுள்ளது' என்பதுதான்.

எண்ணும்போது கவனம். உடலையும் மூடியையும் கூட்டினால் ஒரே சிஸ்ட் இரண்டாகிவிடும். உடலை மட்டும் இனக்கணக்கில் சேருங்கள். மூடிகளைத் தனி வரியில் குறித்து வையுங்கள். உடலைவிட மூடி மிக அதிகமானால், படிவிலோ சல்லடையிலோ அளவுவாரிப் பிரிப்பு நடந்திருக்கிறதா என்று சந்தேகப்படலாம்.

பேரினத்தை உறுதிசெய்ய இன்னொன்று: சுவர் இரண்டு அடுக்கு. உடலைச் சுற்றி அடுக்குகள் ஒட்டியிருக்கும், கொம்பின் அடியில் மட்டும் விலகி வெற்றிடம் தெரியும். உடலிலும் கொம்பிலும் முள் போன்ற நீட்சிகள் இருந்தால் அது ஜெனாஸ்கஸ் என்ற வேறு பேரினம். இரண்டு பக்கமும் கொம்பு நீண்டிருந்தால் மூடெரோங்கியா பேரினத்தின் பக்கம் பாருங்கள்.

பதில் 2
ஓட்டை விஷயத்தில் அவசரப்பட்டுப் போரிஃபெரா என்று எழுதிவிடாதீர்கள். நிஜத் துளைகள் வட்டமாக, ஓரம் சுத்தமாக, கொம்பின் நீளவாக்கில் வரிசை பிடித்து இருக்கும், உடலில் வராது. பைரைட் (இரும்பு சல்ஃபைடு) படிகம் வளர்ந்து விட்ட தடம் கோணல்மாணலாக இருக்கும், உடலிலும் கொம்பிலும் கண்டபடி சிதறிக் கிடக்கும். ஆக்சிகரணத்தால் அரித்த ஓட்டைக்கு ஓரம் பிசிறடித்திருக்கும், சுற்றுச் சுவரும் மெலிந்து வெளிறியிருக்கும். 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் குவியத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும். கொம்பில் நீளவாக்கில் விலா வரிகள் ஓடினால் ஒ. கோஸ்டாட்டாவை நினையுங்கள். வரியும் துளையும் இல்லாத மொழுக் கொம்புதான் ஒபர்குலேட்டா.

முனை உடைந்த கொம்பை வைத்து இனம் சொல்ல வேண்டாம். அதை 'ஒடொன்டோகைட்டினா, இனம் தீர்மானிக்கவில்லை' என்று போடுவதே நேர்மை.

கேட்டவர்
நன்றி. பக்கக் கொம்பு சிலவற்றில் இடப்புறம், சிலவற்றில் வலப்புறம். இது வேறு இனமா? ஸ்லைடு முழுக்கக் கண்ணாடித் தூள் மாதிரிப் படிகங்களும் இருக்கின்றன, பாதி உருவம் மறைகிறது.

பதில் 1
வேறு இனமில்லை, சிஸ்ட் குப்புற விழுந்திருக்கிறது. பக்கக் கொம்பு உயிரியின் வலப்பக்கத்தில் உள்ளது. முதுகுப்புறம் மேலே இருந்தால் அது உங்களுக்கும் வலப்புறம் தெரியும். வயிற்றுப்புறம் மேலே இருந்தால் இடப்புறம். சரிபார்க்க, திறப்பின் ஓரத்தில் சல்கஸ் (வயிற்றுப்புறப் பள்ளம்) வெட்டைத் தேடுங்கள். அது வயிற்றுப்புறத்தில், நடுவிலிருந்து உயிரியின் இடப்பக்கம் தள்ளி இருக்கும். படத் தலைப்பில் எந்தப் பக்கம் மேலே என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

பதில் 3
படிகம் கால்சியம் ஃப்ளோரைடாக இருக்கும். காரையில் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) நரம்புகள் ஏராளம். கால்சியம் மிச்சமிருக்கும்போதே, களிமண்ணைக் கரைக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் ஊற்றினால் இது தப்பாது. ஹைட்ரோகுளோரிக்கில் ஊறவைத்தால் ஜிப்சமும் போய்விடும் என்று நினைப்பதுதான் தவறு. சுண்ணாம்பு போகும், ஜிப்சம் சுலபத்தில் போகாது.

20 கிராம் மாதிரியைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, பளபளக்கும் ஜிப்சத் தகடுகளைக் கையால் பொறுக்கி எறியுங்கள். ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் சுமார் 2.4 கிராம்தான் கரையும். 5 கிராம் ஒளிந்திருந்தால் 2 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஆகவே பலமுறை நீர் மாற்றித் தெளிய வையுங்கள். பிறகு 10 சதவீத ஹைட்ரோகுளோரிக், அது நுரைத்து அடங்கியதும் நடுநிலை வரும்வரை கழுவல், அதன் பின்னரே 40 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் (புகைக்கூண்டுக்குள், கால்சியம் குளுகோனேட் களிம்பு கையெட்டும் தூரத்தில்). ஏற்கெனவே படிகம் வந்துவிட்ட எச்சத்தைச் சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கில் கழுவி, ஆறுவதற்குள் வடித்துவிடுங்கள்.

15 மைக்ரான் சல்லடை போதும். அல்ட்ராசோனிக்கில் சில விநாடிகளுக்கு மேல் வைத்தால் நீளக் கொம்புகள்தான் முதலில் முறியும். நைட்ரிக் அமிலம் வேண்டவே வேண்டாம், பதில் 2 சொன்ன பொய் ஓட்டைகள் அதிலிருந்தும் வரலாம். வெயிலில் வெளுத்த மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, ஆழத்தில் கருஞ்சாம்பல் நிறமாக இருப்பதை எடுங்கள். ஜிப்சம் தடித்திருக்கும் இடத்தில் பைரைட் ஆக்சிகரணமாகியிருக்க வாய்ப்பு அதிகம், அங்கே கரிமப் பொருளும் சேர்ந்தே அழிந்திருக்கும்.

பதில் 2
பெயர் கேட்டதற்கு: 1933இல் விவரித்தபோது செராட்டியம் என்றே வைத்தார்கள், கொம்பமைப்பு அப்படி. இன்றைய வகைப்பாட்டிலும் ஒடொன்டோகைட்டினா, கோன்யாலகேலிஸ் வரிசையின் செராட்டியேசி குடும்பம்தான். உறவு ஒப்புக்கொள்ளப்பட்டது, பேரினம் மட்டும் வேறு. வாழும் கடல் செராட்டியங்களையே 2013இல் டிரைபோஸ் என்று மாற்றிவிட்ட பிறகு பழைய பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

வயதைக் கணிக்க ஒபர்குலேட்டாவை நம்பாதீர்கள், கிரெட்டேசியஸில் அதன் வீச்சு மிக நீளம். அதே ஸ்லைடில் லிட்டோஸ்ஃபெரிடியம் சிஃபோனிஃபோரம் என்ற இன்னொரு சிஸ்ட் கிடைக்கிறதா பாருங்கள். கிரெட்டேசியஸின் உட்பிரிவுகளில் ஆல்பியன் பிற்பகுதி, செனோமேனியன் என்று குறுக்க அது உதவும்.

எழுத வேண்டிய முழுப்பெயர்: ஒடொன்டோகைட்டினா ஒபர்குலேட்டா (ஓ. வெட்செல் 1933) டெஃப்லாண்ட்ர், குக்சன் 1955. பேரினம் மாறியதால் முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குள் போகிறார். 'ஓ.' என்ற முதலெழுத்தை விட்டுவிடாதீர்கள். ஒட்டோ வெட்செல் ஒருவர், வால்டர் வெட்செல் இன்னொருவர். இருவருமே சிக்கிமுக்கிக் கல்லில் நுண்புதைபடிவம் தேடியவர்கள்.