உதவி வேண்டும்: புதுச்சேரி – பிச்சாவரம் கரையோர நடை. நண்பனின் காலில் சொறி (ஜெல்லி மீன்) கொட்டிவிட்டது, குறுக்கே தென்பெண்ணை. மேலே போகலாமா?

நெய்தல்நடை | வியாழன், இரவு 8:10

வணக்கம். நரம்பையிலிருந்து எழுதுகிறேன். கடலூர்ப் பக்கத்துக்காரர்களோ மருத்துவம் தெரிந்தவர்களோ இருந்தால் இன்றிரவே பதில் சொல்லுங்கள்.

நாங்கள் நான்கு பேர், கல்லூரி நண்பர்கள். புதுச்சேரி காந்தி சிலையிலிருந்து கிளம்பி, முதுகில் பையோடு, முடிந்தவரை மணலிலேயே நடந்து பிச்சாவரம் போவது என்று நான்கு நாள் திட்டம். நேற்றுக் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். துறைமுகமும் அரியாங்குப்பம் ஆறும் குறுக்கே இருப்பதால் சாலைப் பாலம் வழியாகச் சுற்றித்தான் வீராம்பட்டினம் போக முடிந்தது. வழியில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து உரோமானிய மதுச்சாடி ஓடுகளை எடுத்த மண் அது. இப்போது போனால் தோப்பும் இடிந்த செங்கல் சுவரும் ஆற்றங்கரையும்தான். ஆனாலும் அந்த நிழலில் ஒரு மணி நேரம் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். இரவு தவளக்குப்பத்தில் உறவினர் வீட்டில் தங்கல்.

இன்று மதியம் வரை எல்லாம் நன்றாகவே போனது. நல்லவாட்டில் சுடச்சுட நெத்திலி வறுவல், பனித்திட்டில் இளநீர். மூன்று மணிக்கு நரம்பைக்குச் சற்று முன்னால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, நண்பன் அலறிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தான். கெண்டைக்காலில் சாட்டையால் விளாசியது போல மூன்று சிவப்புக் கோடுகள், முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை சுற்றிச் சுற்றி. கண்ணாடி நூல் மாதிரி ஏதோ தோலோடு ஒட்டியிருந்தது. ஜெல்லி மீன்தான், இங்கே சொறி என்கிறார்கள்.

எங்களுக்குத் தெரியவில்லை. மணலை அள்ளித் தேய்த்தேன். குடிதண்ணீர் பாட்டிலை அப்படியே காலில் கவிழ்த்தேன். அவன் முன்பைவிட அதிகமாகத் துடித்தான். படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து ஓடி வந்து, "நல்ல தண்ணி ஊத்தாத தம்பி, கடல் தண்ணிய ஊத்து" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் வீட்டுத் திண்ணையில்தான் இப்போது இருக்கிறோம். அவர் வீட்டு அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

இப்போது எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது. ஆனால் கோடுகள் தடித்துவிட்டன, இரண்டு இடத்தில் சின்னக் கொப்புளம், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. சாப்பிட்டான்.

நாளை அவன் நடக்கலாமா? இன்னொன்று, தென்பெண்ணை முகத்துவாரத்தை மணல் திட்டு வழியாகவே கடக்கலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

---

அக்கரைக்காரன் | வியாழன், இரவு 8:32

தம்பி, காலைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஆற்றைப் பற்றி நான் சொல்கிறேன். நான் பிறந்தது சோனங்குப்பம், அப்பா காலத்திலிருந்தே கடல்தொழில்தான்.

முகத்துவாரத்தில் இறங்காதீர்கள். மாசி மாதத்தில் மழைத்தண்ணீர் வடிந்து, திட்டு மேலே வந்து, முழங்கால் தண்ணீர்தான் என்பது போலத் தெரியும். ஆனால் வாய் ஒரே இடத்தில் நிற்பதில்லை. போன வாரம் நடந்து போன இடத்தில் இந்த வாரம் ஆளுயரப் பள்ளம் இருக்கும். அதைவிட மோசம் வற்றம். கடல் உள்வாங்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் மொத்தமும் அந்தக் குறுகிய வாய் வழியாக வெளியே ஓடும். திட்டின் ஓரத்து மணல் காலுக்குக் கீழேயே கரையும். முதுகில் பத்து கிலோ பை இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

சந்தேகம் இருந்தால் மூர்த்திக்குப்பம் தாண்டிப் போய், கரையில் நின்றபடி ஒரு தேங்காய் மட்டையை வாயில் வீசிப் பாருங்கள். அது போகிற வேகம் உங்களுக்கே சொல்லும்.

சரியான வழி இதுதான். அங்கிருந்து மேற்கே திரும்பி கன்னியகோயில் மெயின் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். கடலூர் பஸ் அடிக்கடி வரும். முள்ளோடையில் புதுச்சேரி எல்லை முடியும், அப்புறம் ரெட்டிச்சாவடி. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் ஆல்பேட்டையில் இறங்கி, குண்டு உப்பலவாடி வழியாகத் தாழங்குடாவுக்கு நடந்தால் மறுபடியும் மணல் வந்துவிடும். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. குண்டு உப்பலவாடிக்குப் பேர் வந்த காரணம் அதுதான் என்பார்கள்.

---

மணல்தடம் | வியாழன், இரவு 8:41

நண்பருக்கு ஒட்டியிருக்கும் நூலை ஏ.டி.எம். கார்டால் சுரண்டி எடுத்துவிட்டு, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அதுதான் செய்வார்கள். வினிகர் கிடைத்தால் இன்னும் நல்லது.

---

இரவுப்பணி செவிலி | வியாழன், இரவு 9:05

மணல்தடம் அண்ணா, மன்னிக்கவும், சுரண்டவும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

சொறியின் இழை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஊசிப் பைகள் இருக்கின்றன. மீன் செத்தாலும், இழை அறுந்து தனியாகக் கிடந்தாலும் அவை வேலை செய்யும். தோலில் ஒட்டியிருக்கும் பைகளில் பாதிக்கு மேல் இன்னும் வெடிக்காமல் இருக்கலாம். தேய்த்தாலோ, கார்டால் அழுத்திச் சுரண்டினாலோ, நல்ல தண்ணீர் பட்டாலோ அவை வெடித்து விஷத்தை உள்ளே செலுத்தும். தம்பி பாட்டில் தண்ணீரை ஊற்றியபோது வலி ஏறியதற்குக் காரணம் இதுதான். பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கடல் தண்ணீரால் கழுவி, புருவம் திருத்தும் இடுக்கியால் இழையை மேலாகப் பிடித்து எடுக்க வேண்டும். வினிகர் சில வகைச் சொறிக்கு நல்லது, சில வகைக்கு நிலைமையைக் கெடுக்கும். எது கொட்டியது என்று தெரியாமல் ஊற்ற வேண்டாம். சுண்ணாம்பு ஏற்கெனவே வெந்த தோலை இன்னும் புண்ணாக்கும்.

வெந்நீர் வைத்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வலிக்கு அதுதான் மருந்து. 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கொட்டாத ஆள் கையை விட்டுப் பார்த்து, பொறுக்கும் சூடு என்றால் 20 முதல் 40 நிமிடம் வரை காலை அதில் வைத்திருக்கலாம். இன்றிரவு வலி இருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள். கொப்புளத்தை மட்டும் உடைக்காதீர்கள்.

நெறி கட்டுவது இந்த மாதிரிக் கொட்டுக்கு வழக்கமானதுதான். ஆனால் மூச்சு இரைப்பு, நெஞ்சு இறுக்கம், முகமோ உதடோ வீங்குவது, விடாத வாந்தி, முதுகிலும் வயிற்றிலும் கடுமையான வலி, இதில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். இன்றிரவு அவனைத் தனியாகத் தூங்க விடாதீர்கள்.

காலையில் கிருமாம்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். டி.டி. ஊசி எப்போது போட்டான் என்று கேட்பார்கள், யோசித்து வையுங்கள். மணலில் நடப்பது நாளைக்கு வேண்டாம். உப்புத் தண்ணீரும் மணலும் கொப்புளத்தில் பட்டால் சீழ் பிடிக்கும்.

---

மணல்தடம் | வியாழன், இரவு 9:14

நன்றி அம்மா. இத்தனை நாள் தவறாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் நான் எழுதியதைச் செய்ய வேண்டாம்.

---

நெய்தல்நடை | வியாழன், இரவு 11:50

இரண்டாம் முறை வெந்நீர் வைத்தோம். தூங்கிவிட்டான். மூச்சு சீராக இருக்கிறது. மூன்று பேரும் இரண்டு இரண்டு மணி நேரம் மாறி மாறி விழித்திருக்கப் போகிறோம்.

திண்ணையில் பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாட்டுக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து எச்சரித்திருக்கிறார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் வைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்து ஊரையே காலி செய்துவிட்டார்கள். இன்று மதியம் அதே ஊரில்தான் நெத்திலி தின்றுகொண்டிருந்தோம், எங்களுக்கு இது தெரியாது.

---

நெய்தல்நடை | வெள்ளி, இரவு 7:30

தேவனாம்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

காலையில் கிருமாம்பாக்கத்தில் பார்த்தார்கள். டி.டி. ஊசி போட்டு, அரிப்புக்கு மாத்திரையும் தடவக் களிம்பும் கொடுத்தார்கள். நெறி இறங்கிவிட்டது. அவனும் தோழியும் அங்கிருந்தே பஸ்ஸில் கடலூர் போய்விட்டார்கள். "எனக்காக நிற்காதீர்கள், நீங்கள் நடங்கள்" என்று அவன்தான் எங்கள் இருவரையும் துரத்தினான்.

மூர்த்திக்குப்பம் தாண்டி முகத்துவாரம் வரை போனோம் அண்ணா. பார்த்தால் கோயில் குளம் போல அமைதி. நடுவில் கொக்குகள் நின்றிருந்தன. உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் எழுதியிருக்காவிட்டால் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கியிருப்போம். மட்டையை வீசினோம். முதலில் சும்மா மிதந்தது. பிறகு மெல்லத் திரும்பியது. திரும்பியதும் யாரோ கயிறு கட்டி இழுப்பது போலப் பாய்ந்து போய், அலை உடையும் இடத்தில் இரண்டு முறை தலை காட்டிவிட்டு மறைந்தது. நான் பத்து எண்ணி முடிக்கவில்லை. என்னோடு இருந்தவன் ஒன்றும் பேசாமல் கன்னியகோயில் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டான்.

ஆல்பேட்டையில் இறங்கி நீங்கள் சொன்ன வழியில் தாழங்குடா வந்தோம். மாலை வெயிலில் அங்கிருந்து தேவனாம்பட்டினம் வரை நடந்ததுதான் இந்தப் பயணத்திலேயே மனதுக்கு நிறைவான நடை. ஈர மணல் கெட்டியாக இருந்தது, காலே தெரியவில்லை. சில்வர் பீச்சில் வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தோடு அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள்.

நாளைக்கு எப்படிப் போவது? எனக்கும் குதிகாலில் தோல் உரிந்திருக்கிறது.

---

அக்கரைக்காரன் | வெள்ளி, இரவு 8:05

மனசு நிம்மதியாச்சு தம்பி.

தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே கெடிலம் வாய். அதைத் தாண்டி சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம், அக்கரைகோரி எல்லாம் உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவே வால் போல நீளும் மணல். நுனியில் துறைமுக வாய் வந்துவிடும், அதற்கு மேல் நடக்க இடமில்லை. அதனால் பஸ் ஏறி ஓ.டி. (கடலூர் பழைய நகரம்) வந்துவிடுங்கள். விடிகாலையில் வந்தால் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் பார்க்கலாம். சங்கரா, கிழங்கான், நண்டு எல்லாம் கூடை கூடையாக இறங்கும். ஓரமாக நின்று பாருங்கள், தலைச்சுமைக்காரர்களுக்கு வழி விடுங்கள்.

அடுத்து சிப்காட் தொழிற்சாலைகள். அந்தத் தூரத்தை நடக்காதீர்கள், ரசிக்க ஒன்றும் இல்லை. சாமியார்பேட்டை வரை வண்டியில் போய், அங்கிருந்து பரங்கிப்பேட்டைக்கு நடங்கள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு குறுக்கே வரும். பாசஞ்சர் ரயில் நேரம் பார்த்து ஏறினால் அடுத்த நிலையம் கிள்ளை. பிச்சாவரம் அங்கிருந்து பக்கம்.

குதிகாலுக்கு: ஷூவைக் கழற்றிப் பையில் போடுங்கள். மணல் புகுந்த சாக்ஸ் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வார் வைத்த செருப்பு போதும்.

அவசரம் என்றால் கடலோரக் காவல் எண் 1093. போனில் பதிந்து வையுங்கள்.

---

நெய்தல்நடை | ஞாயிறு, பகல் 1:20

வந்து சேர்ந்துவிட்டோம், நால்வரும். கடைசி நடையில் அவனும் காலில் கட்டோடு பரங்கிப்பேட்டை வரை வந்தான். தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.

காலையில் பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் போனோம். சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கி, படகு நுழைய மட்டும் இடம் விட்டிருந்தன. தலையைக் குனிந்துகொண்டே போக வேண்டியிருந்தது. துடுப்புச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. மூன்று நாளாக அலை இரைச்சலில் இருந்த காதுக்கு அந்த அமைதி புதிதாக இருந்தது.

இரண்டு கேள்விகள் பாக்கி. ஒன்று அக்காவுக்கு: எரிச்சல் போய்விட்டது, ஆனால் கோடு இருந்த இடம் அரிக்கிறது. சொறியலாமா? இன்னொன்று அண்ணனுக்கு: நரம்பைப் பெரியவர் ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார். இரவு முழுக்க அடுப்பை அணைக்காமல் வைத்திருந்தவர்களுக்கு வெறுமனே நன்றி சொல்லிவிட்டு வந்தது மனதை உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

---

இரவுப்பணி செவிலி | ஞாயிறு, மாலை 4:45

சொறியக் கூடாது தம்பி. ஈரத்துணியை மடித்து ஒத்தி எடுக்கச் சொல்லுங்கள், களிம்பைத் தொடரட்டும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் சிவந்து தடிக்கலாம். புதிதாக ஏதோ கொட்டியது என்று பயப்பட வேண்டாம், உடம்பு தாமதமாகக் காட்டும் ஒவ்வாமை அது. சீழ், காய்ச்சல், சிவப்பு மேலே மேலே பரவுவது, இவை இருந்தால் மட்டும் உடனே டாக்டர். கோட்டின் கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும், அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

---

அக்கரைக்காரன் | ஞாயிறு, இரவு 9:10

பணம் கொடுக்காதீர்கள் தம்பி, சங்கடப்படுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகில் போகிற பிள்ளைகள் எல்லாம் ஊரில்தான் இருப்பார்கள். பண்ருட்டிப் பலா வருவதும் அந்தச் சமயம்தான். நல்ல பழமாகப் பார்த்து ஒன்று வாங்கிக்கொண்டு நால்வருமாகப் போய் வாருங்கள். கால் ஆறிவிட்டதை அந்த அம்மா கண்ணால் பார்க்கட்டும்.