மலைநாட்டுப் பண்டாரவளை வீடு: ஏப்ரல் லீவுக்கு முன்னாடி நீச்சல் பூல் வேலை

சனி, மார்ச் 21

பிரதீபன் 6:52
[படம்]
பூல் மேல கெடந்த தார்ப்பாய எடுத்துட்டேன். தண்ணி ஒரே பச்சை, ரெண்டாவது படிகூட தெரியல. யூக்கலிப்டஸ் இலை அடியில ஊறி சாயத்தண்ணி மாதிரி கலங்கி வருது. மூலையில நுளம்புப் புழு துள்ளுது.

பிரதீபன் 6:54
மோட்டரப் போட்டு முழுசா இறைச்சிட்டு, தேய்ச்சுக் கழுவி புதுத்தண்ணி விடப்போறேன். சுகந்தி அக்கா ஆக்கள் 10ஆம் திகதி வர்றாங்க தானே.

அப்பா 6:58
இறைக்காத. மாமா எழும்பட்டும்.

ராஜூ மாமா 7:20
எழும்பிட்டேன். மருமகனே, மோட்டரத் தொடாதீங்க. போன மழை எல்லாம் இன்னும் அந்தச் சரிவு மண்ணுக்குள்ளதான் இருக்கு. பூல்ல நிக்கிற தண்ணிப் பாரம்தான் தரையை அமுக்கி வச்சிருக்கு. அதை எடுத்துட்டா கீழ இருந்து ஊத்துத்தண்ணி தள்ளும், தரை வெடிக்கும், சிலநேரம் தொட்டியே மேல தூக்கும். மாலைதீவுல நான் வேலை செஞ்ச 11 வருஷத்துல நிலத்தடி நீர் பாக்காம யாரும் பூல் இறைச்சதில்ல.

அப்பா 7:26
எனக்கு அதைவிட வேற கவலை. 25 அடி, 14 அடி, சராசரி 4 அடி ஆழம். கிட்டத்தட்ட 40,000 லீட்டர். ஊத்துல இப்ப சுண்டுவிரல் மொத்தத்துக்குத்தான் வருது. கீழ தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) ஆக்கள் காலையில ஊத்துத்தண்ணி விழுற பீலிக்கு முன்னாடி குடம் வச்சு வரிசையில நிக்கிறாங்க. நாங்க மேல குழாயத் திருப்பி பூலுக்கு விட்டா அவங்க எங்க போவாங்க?

பிரதீபன் 7:31
தண்ணி பவுசர் லொறியில எடுக்கலாம்னு நெனச்சேன் அப்பா.

அப்பா 7:33
5,000 லீட்டர் பவுசர்னா எட்டு நடை. அந்தத் தண்ணியும் எங்கேயோ ஒரு பீலியில இருந்துதான் வரணும்.

அம்மா 7:35
நான் அந்த லயத்துலதான் பொறந்தேன். மாசி பங்குனியில ஒரு குடத்துக்கு எவ்வளவு நேரம் நின்னோம்னு எனக்குத் தெரியும். அப்பா சொல்றதக் கேளு மகன்.

பிரதீபன் 7:36
சரிம்மா. இறைக்கல. மாமா, இந்தத் தண்ணியே தெளியுமா?

ராஜூ மாமா 7:48
தெளியும். பச்சைங்கிறது பாசிதான், அழுக்குத் தண்ணி இல்ல. முதல்ல வலையால இலைய அள்ளுங்க, அவசரப்படாம. இலை கெடந்தா போடுற குளோரின் எல்லாத்தையும் அதுவே தின்னுரும். புழுவையும் வலையிலயே எடுத்துருங்க. பீ.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) வந்தா அந்த மூலைக்கே வழக்குப் போடலாம், நுளம்பு பெருக விடுறதுக்கு எதிரா 2007ல வந்த சட்டம் இருக்கு. சட்டத்த விடுங்க, பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கு.

பிரதீபன் 11:15
[படம்]
நாலு சாக்கு இலை. பிரஷ் போட்டு சுவரும் தேய்ச்சாச்சு. டெஸ்ட் ஸ்ட்ரிப்ல பீ.எச். (புளிப்பு-கார அளவு) 6.8, அல்கலினிட்டி (பீ.எச்ச ஆடாம பிடிச்சு வைக்கிற காரத்தன்மை) 40.

ராஜூ மாமா 11:22
நம்ம ஊத்துத்தண்ணி மென்மையான (சுண்ணாம்பு குறைஞ்ச) தண்ணி, அப்பிடித்தான் காட்டும். அல்கலினிட்டி 80க்காவது வரணும். அப்பச்சோடா 3 கிலோ வாங்குங்க, இன்னைக்குப் பாதி, நாளைக்குப் பாதி. பீ.எச். 7.2க்கும் 7.6க்கும் நடுவுல நிக்கட்டும். பில்டர் ஓடிக்கிட்டே இருக்கணும்.

சுகந்தி அக்கா 11:40
மாமா, குளோரின் போடுற நேரம் தம்பி பக்கத்துல நீங்க இருங்க. போன வருஷம் நடந்தது இன்னும் என் மனசுல இருக்கு.

ராஜூ மாமா 11:52
எனக்கும் இருக்கு மகள். குளிசை எடுத்த அதே கரண்டிய ஈரத்தோட தூள் வாளிக்குள்ள போட்டுட்டோம். கொஞ்ச நேரத்துல வாளி சுட்டு, மஞ்சப் புகை வந்து, அக்காவுக்கு, அதான் உங்க அம்மாவுக்கு, மூச்சு முட்டிருச்சு. குளிசையும் தூளும் ரெண்டும் குளோரின்தான், ஆனா சேந்தா தீப்பிடிக்கும். இந்த வருஷம் தூளுக்குத் தனிக் கரண்டி, தனி அறை. நான் 5 மணிக்கு வர்றேன்.

ஞாயிறு, மார்ச் 22

பிரதீபன் 6:10
நேத்து மாமாவோட சேந்து 65 சதவீதத் தூள் 600 கிராம், கொஞ்சம் கொஞ்சமா வாளித் தண்ணியில கரைச்சு ஊத்தினோம். தண்ணியிலதான் தூள் போடணும், தூள் மேல தண்ணி ஊத்தக்கூடாதுனு மாமா மூணு தரம் சொன்னாரு. பொழுது சாஞ்ச பிறகுதான் போட்டோம், வெயில்ல வீணாப் போயிருமாம். இப்ப பச்சை போய் பால் கலந்த மாதிரி இருக்கு.

ராஜூ மாமா 6:30
பாசி செத்திருச்சு. இனி பில்டர் வேலை. பில்டர் அழுத்த மீட்டர் எத்தனை காட்டுது?

பிரதீபன் 6:33
22. சுத்தமா இருக்கக்குள்ள 12.

ராஜூ மாமா 6:35
பேக்வாஷ் பண்ணுங்க, தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டு பில்டரக் கழுவுங்க. பில்டர் கண்ணாடியில தண்ணி தெளியிற வரைக்கும், ரெண்டு மூணு நிமிஷம்.

அப்பா 6:41
அந்தத் தண்ணிய போஞ்சிப் பாத்திக்கும் விடாத, ஓடைக்கும் விடாத. பின்னுக்கு வெட்டின குழிக்குள்ள விடு. ஓடை லயத்துப் பக்கம்தான் போகுது.

புதன், மார்ச் 25

அப்பா 16:50
[படம்]
நேத்தும் இன்னைக்கும் பின்னேரம் நல்ல மழை. கூரைத் தண்ணிய பீப்பாவுல பிடிச்சு விட்டோம், குறைஞ்ச நாலு விரக்கடையும் நிரம்பிருச்சு. ஊத்துக் குழாயத் தொடவே இல்ல.

வெள்ளி, மார்ச் 27

பிரதீபன் 7:05
[படம்]
ஆழமான பக்கம் ஒரு 5 ரூபாக் குத்திக் காசு போட்டேன். மேல நின்னு பாத்தா அஞ்சுங்கிற எழுத்துத் தெரியுது!

சுகந்தி அக்கா 7:12
பிள்ளைகள் படத்தப் பாத்துட்டு இப்பவே பேக் அடுக்குறாங்க. தம்பி, கேட் கொக்கி மேல ஏத்தி வச்சியா? சின்னவளுக்கு மூணு வயசு, எல்லாத்தையும் திறப்பா.

பிரதீபன் 7:15
அப்பா நெஞ்சு உயரத்துக்கு மாத்திட்டாரு அக்கா. கையை விட்டா தானாச் சாத்திக்கும்.

ராஜூ மாமா 7:18
சந்தோசம். ஆனா கொக்கிய நம்பி பிள்ளைகளத் தனிய விடாதீங்க, பெரிய ஆள் ஒருத்தர் கட்டாயம் பக்கத்துல இருக்கணும். குளோரின் எவ்வளவு?

பிரதீபன் 7:20
4 காட்டுது.

ராஜூ மாமா 7:21
3க்குக் கீழ வரட்டும், அதுவரைக்கும் யாரும் இறங்க வேணாம்.

அம்மா 7:24
சுகந்தி, தண்ணி இன்னும் ஐஸ் மாதிரி இருக்கு. பிள்ளைகளுக்கு தடிச்ச துவாயும் ஸ்வெட்டரும் கொண்டு வா. நான் கொத்தமல்லி போட்டு வைக்கிறேன்.