துயர நாவல்கள் திரைக்கு வரும்போது முடிவு ஏன் முன்கூட்டியே நின்றுவிடுகிறது?

கேள்வி – சத்துவாச்சாரி வாசகர்

வேலூரில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ (1891), ‘ஜூட்’ (1895) ஆகிய நாவல்களைப் படித்து முடித்து, இப்போது அவற்றின் திரைவடிவங்களைப் பார்த்துவருகிறோம். ரோமன் போலன்ஸ்கியின் ‘டெஸ்’ (1979), தன்னைக் கெடுத்தவனைக் கொன்ற நாயகி டெஸ், ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தில் கைதாவதோடு நின்றுவிடுகிறது. தூக்கிலிடப்பட்ட செய்தி திரையில் எழுத்தாக மட்டுமே வருகிறது. மைக்கேல் விண்டர்பாட்டமின் ‘ஜூட்’ (1996) படமும் நாயகன் சாகுமுன்பே முடிந்துவிடுகிறது. நாவலின் கடைசிப் பக்கங்களுக்கு இயக்குநர்கள் அஞ்சுகிறார்களா, அல்லது வேறு காரணம் உண்டா?

மறுமொழி – ஆரணி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

எல்லாவற்றையும் அச்சம் என்று சொல்லிவிட முடியாது, ஐயா. அச்சத்துக்கு உதாரணம் வேண்டுமானால் எமிலி பிராண்டியின் நாவலைத் தழுவி 1939இல் வந்த ‘வுதரிங் ஹைட்ஸ்’ படத்தைப் பாருங்கள்: நாவலின் பிற்பாதியை அடியோடு விட்டுவிட்டு, காதலர் இருவரும் ஆவிகளாகக் கைகோத்து நடக்கும் காட்சியை, இயக்குநர் வில்லியம் வைலரின் விருப்பத்துக்கு மாறாகத் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் சேர்க்கச் செய்தார். போலன்ஸ்கி செய்தது அதுவன்று. ஹார்டியே தூக்குமேடையைக் காட்டவில்லை. தூக்கு நிறைவேறியதற்கு அடையாளமாகக் கோபுரத்தில் ஏறும் கறுப்புக் கொடியை மட்டுமே காட்டினார்.

‘ஜூட்’ விஷயத்தில் உங்கள் குறை நியாயமானது. குழந்தைகளின் சாவை மழுப்பாமல் காட்டத் துணிந்த விண்டர்பாட்டம், ஜூட் தனியே கிடந்து விவிலியத்தில் வரும் யோபின் வசனங்களை முணுமுணுக்க, அவனைச் சேர்த்துக்கொள்ளாத அந்தப் பல்கலைக்கழக ஊரின் விழா ஆரவாரம் சன்னல் வழியே கேட்கும் இடத்தை விட்டுவிட்டார். அந்த ஆரவாரம் இல்லாவிட்டால் கதை இருவரின் பிரிவாக மட்டுமே சுருங்கிவிடுகிறது. கல்தச்சன் ஒருவனுக்குக் கல்வி மறுக்கப்பட்ட கதை பின்னுக்குப் போய்விடுகிறது.

மறுமொழி – ஆம்பூர்

அதே விண்டர்பாட்டம் ‘டெஸ்’ கதையை ராஜஸ்தானுக்கும் மும்பைக்கும் மாற்றி 2011இல் எடுத்த ‘த்ரிஷ்ணா’வையும் உங்கள் வட்டத்தில் பாருங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து காலணித் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் வரும் பெண்களை நாள்தோறும் பார்க்கும் எனக்கு, இடம் மாறியதில் ஆட்சேபமே இல்லை. ஒரு பெண்ணின் கூலியை நம்பிக் குடும்பம் நிற்பது எந்த ஊருக்கும் புதிதன்று. என் வருத்தம் வேறு. கெடுத்தவன் அலெக், கைவிட்ட கணவன் ஏஞ்சல் என்ற இருவரையும் ஜெய் என்ற ஒரே ஆளாக்கியதால், நல்லவன் என்று நம்பப்பட்டவனும் அவளைத் தள்ளிவிட்டான் என்ற கொடுமை மறைந்துவிடுகிறது. தவிர, த்ரிஷ்ணா அவனைக் கொன்றபின் தானும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். டெஸ்ஸைக் கொன்றது சட்டம். இங்கே சட்டத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது. கடைசிவரை போகும் படமும் முடிவைத் தவறவிடலாம் என்பதற்கு இதுவே சான்று.

மீண்டும் – சத்துவாச்சாரி வாசகர்

இருவருக்கும் நன்றி. ஆனால் போலன்ஸ்கியை ஆசிரியர் ஐயா சற்று எளிதாக விட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். நாவலில் கொடி ஏறிய பிறகு, ஏஞ்சல் டெஸ்ஸின் தங்கையுடைய கையைப் பற்றிக்கொண்டு மேலே நடந்து போகிறான். தமக்கையைக் கைவிட்டவனுக்கு ஒரு புது வாழ்க்கை காத்திருக்கிறது என்ற அந்தக் கசப்பு படத்தில் இல்லை. ஸ்டோன்ஹெஞ்சில் நிறுத்தியதால், ஏஞ்சல் துயரப்படும் கணவனாகவே பார்வையாளர் மனத்தில் தங்கிவிடுகிறான். ‘த்ரிஷ்ணா’வை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்கிறோம்.