பஃப் பிரிண்ட்டில் ஓரம் கூர்மையாக வர என்ன வழி?

திருப்பூர் பிரிண்டிங் பட்டறை அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். காட்டன் டி-சர்ட்டில் பஃப் பிரிண்ட் (சூட்டில் உப்பி எழும்பும் அச்சு) போடுகிறோம். பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மையில் உப்பவைக்கும் பஃப் கலந்து 160 டிகிரியில் கியூர் செய்தால் (சூட்டில் இறுகவைத்தால்) நன்றாகத்தான் எழும்புகிறது. ஆனால் எழுத்தின் ஓரம் பன் மாதிரி உருண்டுவிடுகிறது. சூடு கூடினால் உப்பியது அமுங்கியும் போகிறது. ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்கு ஓரம் செங்குத்தாக நிற்க வேண்டுமாம்!

ஹை டென்சிட்டிதான் (மையைக் கனமாகப் படியவைத்து ஓரம் கூர்மையாக எழுப்பும் அச்சு) வழி என்று நினைக்கிறேன். அதற்கு ஃப்ரேமில் எத்தனை மைக்ரான் கேப்பிலரி ஃபிலிம் (டிசைன் ஸ்டென்சிலுக்கான படலம்) ஒட்டுகிறீர்கள்? 200 போதுமா, 400 வேண்டுமா? மெஷ் (ஃப்ரேம் வலையின் நெருக்கம்) என்ன? ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே ஃபிளாஷ் அடிக்கணுமா (சூடு காட்டி லேசாக உலர்த்தணுமா)?

சிலிக்கான் மையில் செய்பவர்கள், துணியை இழுத்தால் டிசைன் வெடிக்கிறதா என்றும் சொல்லுங்கள். ஹீட் பிரஸ்ஸில் எம்பாஸ் (துணியையே சூட்டில் அழுத்திப் புடைக்கவைப்பது) செய்யச் சொல்கிறார் ஒருவர். மெல்லிய சிங்கிள் ஜெர்சி பின்னல் துணியில், அதுவும் முழுக் காட்டனில், நாலு துவைப்புக்கு நிற்காது என்பது என் கணிப்பு. குழந்தைகள் உடுப்பு, எக்ஸ்போர்ட் ஆர்டர். அதனால் தாலேட் (பிளாஸ்டிக்கை இளக்கும், குழந்தைகளுக்கு ஆகாத ரசாயனம்) இல்லாத மை மட்டும் சொல்லுங்கள்.